லேவியராகமத்தில் தரைதட்டியவர்களுக்கு

வாசகர் கேள்வி பதில்

"பைபிளைப் படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று சென்ற மாதம் கேட்டிருந்தோம். சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், எங்கேயும் போகாதவர்கள் என எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா கூடாதா என்று கேட்ட கடிதங்களை ஒதுக்கிவிட்டோம். அதைச் சொல்வது எங்கள் வேலை இல்லை. படிக்கும்போது எங்கே இடறுகிறது, ஏன் இடறுகிறது என்று கேட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

*ஒவ்வொரு ஜனவரியும் ஆதியாகமத்தில் தொடங்குகிறேன். சீனப் புத்தாண்டு வருவதற்குள் நின்றுவிடுகிறது. மூன்று வருடமாக இதே கதை. எனக்கு மனஉறுதி போதவில்லையா?*
— வாசகி, தோ பாயோ

மனஉறுதியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 66 நூல்கள் உள்ள பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றே கால் அதிகாரம் வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக ஜனவரி 28 வாக்கில் மூன்றாவது நூலான லேவியராகமத்தின் வாசலில் நிற்பீர்கள். அதற்கு முன்பே யாத்திராகமம் 25 முதல் 31 வரை ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்துக்கு அளவு சொல்லி, 35 முதல் 40 வரை அதே அளவுகளைத் திரும்பச் சொல்லிக் களைப்பாக்கியிருக்கும். பிறகு ஏழு அதிகாரம் பலிமுறை. பெருநாள் விடுமுறையில் ஒரு வாரம் விட்டுப்போனால் 23 அதிகாரம் பாக்கி விழும். அந்தக் கடனை யாரும் அடைப்பதில்லை. உங்களைப் போலவே பலரும் கவிழ்கிற இடம் இதுதான்.

அதிகார எண்ணிக்கையே ஏமாற்றும் அளவுகோல் என்பதையும் சொல்லவேண்டும். 119-ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள், 117-ஆம் சங்கீதத்தில் இரண்டே இரண்டு. இரண்டும் கணக்கில் 'ஒரு அதிகாரம்'. இந்தப் பிரிவுகளை எழுதியவர்கள் போடவில்லை. அதிகாரங்கள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் அச்சானவை.

மாற்றுவழி இது. வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் வையுங்கள். 52 வாரம், 260 நாள். புதிய ஏற்பாட்டுக்கு 260 அதிகாரம். நாளுக்கு ஒன்று, சனி ஞாயிறு விட்டதைப் பிடிக்க. அதுவும் கூடுதல் என்றால் மாற்கு (16), லூக்கா (24), அப்போஸ்தலர் நடபடிகள் (28) மூன்றையும் மட்டும் எடுங்கள்: 68 அதிகாரம், நாளுக்கு இரண்டு வைத்தால் 34 நாள். அதன்பிறகு ஆதியாகமம் முழுவதும். யாத்திராகமத்தில் 1 முதல் 20, பின் 24, 32 முதல் 34. லேவியராகமத்தில் 16, 19, 25. முதல் வாசிப்புக்கு இது போதும்.

ஆனாலும் லேவியராகமத்தைப் பார்த்துத் தமிழர்கள் பயப்படுவது எங்களுக்கு எப்போதும் விநோதமாகத்தான் படும். விளக்குக்கு எண்ணெய், தூபம், அபிஷேகத் தைலம், தீட்டு, நீராடல், யார் எந்த எல்லைவரை உள்ளே போகலாம் என்ற வரையறை: கோயில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வேற்று உலகமா என்ன? யாத்திராகமம் 30:23-24-இல் தைலத்துக்குப் பக்குவமே இருக்கிறது: வெள்ளைப்போளம் 500 சேக்கல் (அக்கால எடை), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு ஹின் (அக்கால முகத்தல் அளவு). சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் பாதிச் சாமான் வாங்கிவிடலாம். நூலின் தமிழ்ப் பெயரிலேயே 'ஆகமம்' இருக்கிறதே.

இந்த ஒற்றுமையைக் கூர்ந்து பார்த்த ஒருவர் கிறிஸ்தவர் அல்ல. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பெர்சிவலுக்கு பைபிளைத் தமிழாக்க உதவியவர், கடைசிவரை சைவர். 1854-இல் அவர் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்', சைவச் சடங்குகளைப் பழித்த மிஷனரிகளுக்கு அவர்களுடைய வேதத்தின் ஆலயச் சடங்குகளையே எடுத்துக்காட்டிப் பதில் சொன்னது. நம்பாத ஒருவர் எவ்வளவு கவனமாகப் படிக்க முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் தமிழில் இல்லை. 16-ஆம் அதிகாரத்தின் இரண்டு ஆட்டுக்கடாக்களையும், 19-ஆம் அதிகாரத்தில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை என்ற கட்டளையையும் அந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

*நான் கத்தோலிக்கர். மெதடிஸ்ட் தோழியின் பைபிளில் தோபித்து இல்லை. நாங்கள் 'விடுதலைப் பயணம்' என்பதை அவள் 'யாத்திராகமம்' என்கிறாள். சேர்ந்து படிக்க உட்கார்ந்தால் பக்கம் தேடவே நேரம் போகிறது. எது சரியானது?*
— வாசகி, ஹவ்காங்

இரண்டும் சரி. அவருடையது 1871-இல் முடிந்த 'ஐக்கியத் திருப்புதல்' என்ற பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் வழியில் வருவது. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்னும் அதுதான். உங்களுடையது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்'. கத்தோலிக்கர் வேதமாக ஏற்கும் தொகுப்பில் 73 நூல்கள். கூடுதலாக இருக்கும் ஏழு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகள் நீளம்.

பெயர் மாற்றங்களை அட்டையின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்: ஆதியாகமம் என்றால் தொடக்கநூல், எண்ணாகமம் என்றால் எண்ணிக்கை, உபாகமம் என்றால் இணைச்சட்டம், நியாயாதிபதிகள் என்றால் நீதித்தலைவர்கள், சங்கீதம் என்றால் திருப்பாடல், பிரசங்கி என்றால் சபை உரையாளர், அப்போஸ்தலர் நடபடிகள் என்றால் திருத்தூதர் பணிகள். இத்தனை தெரிந்தால் முக்கால்வாசித் தேடல் குறையும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது இழப்பு இல்லை, லாபம். 23-ஆம் சங்கீதம் பழையதில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்". புதியதில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை". 'தாழ்ச்சி' என்பதை இன்றைய இளையவர் 'பணிவு' என்றோ 'அவமானம்' என்றோ எடுத்துக்கொள்கிறார். அங்கே பொருள் குறைவு, இல்லாமை. பழைய பெயர்ப்பின் ஓசைக்கு ஈடு இல்லை என்பது எங்கள் கட்சி. பொருள் தெரிய வேண்டுமானால் புதியதையும் திறக்கவேண்டும்.

வாங்குவதற்கு ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பைபிள் ஹவுஸில் கேட்கலாம். தமிழ்ப் பதிப்பு கையிருப்பில் இருக்கிறதா என்று முன்னதாகத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு போங்கள். நூலகத்தில் என்றால் 220 என்ற எண் வரிசை.

*புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்ற வசனம். நம்பிக்கை இல்லாத என் மச்சான், "இது உனக்கு எழுதின கடுதாசி இல்லை" என்று கிண்டல் செய்கிறார். என்ன பதில் சொல்வது?*
— வாசகர், பொங்கோல்

மச்சான் சொன்னதில் பாதி சரி. அது கடிதம்தான். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போன யூதருக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பியது. 4-ஆம் வசனத்திலிருந்து 14 வரை ஒரே மூச்சில் படியுங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நலத்தைத் தேடுங்கள் என்கிறது. அட்டைக்கு ஒரு வரி முன்னால், 10-ஆம் வசனத்தில், திரும்பி வர எழுபது வருடம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழ் வாசகர் இங்கே இன்னொரு இடத்தில் வழுக்குகிறார். அந்த வசனத்தில் வரும் 'உங்கள்பேரில்' என்பதை மரியாதைப் பன்மையாக, தன் ஒருவருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார். பழைய திருப்புதலில் அந்த வழக்கம் இல்லை. அதில் ஒருவரிடம் பேசினால் 'நீ', மதிப்போடு பேசினாலோ கடவுளிடம் வேண்டினாலோ 'நீர்'. 'நீங்கள், உங்கள்' என்றால் பலர். ஆகவே அது ஒரு கூட்டத்துக்குச் சொன்ன சொல்.

அதனால் அட்டையைக் கிழிக்க வேண்டியதில்லை. பழைய வாக்கைத் தன் நாளுக்கு எடுத்துக்கொள்வது சபையின் நீண்ட வழக்கம். அட்டையின் பின்புறம் '29:4-14' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மச்சானுக்கும் அதைக் காட்டலாம்.

*பைபிளில் முரண்பாடே இல்லை என்கிறார் நண்பர். எனக்கோ முதல் இரண்டு அதிகாரத்திலேயே தட்டுகிறது. யார் சொல்வது சரி?*
— வாசகர், ஈசூன்

உங்களுக்குத் தட்டியது கற்பனை இல்லை. ஆதியாகமம் 1-இல் செடிகொடி, பிறகு விலங்கு, கடைசியில் ஆணும் பெண்ணுமாக மனிதர். 2:4-க்குப் பிறகு மனிதன் முதலில், தோட்டம் அடுத்து, விலங்குகள் அதற்குப் பின், பெண் கடைசி. பெயரும் மாறுகிறது: முதல் பகுதியில் வெறும் 'தேவன்', இரண்டாவதில் 'தேவனாகிய கர்த்தர்'. எபிரெயத்தில் உள்ள மாற்றத்தைத் தமிழ் அப்படியே காட்டிவிடுகிறது. பென்சிலால் வட்டமிட்டால் ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் எல்லா வேறுபாடும் ஒரே வகை இல்லை. சாட்சிகள் வேறு விவரத்தைச் சொல்வது ஒன்று. கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார்? மத்தேயு 28-இல் இரண்டு மரியாள். மாற்கு 16-இல் சலோமேயும் சேர்ந்து மூவர். லூக்கா 24-இல் யோவன்னாளும் மற்றவர்களும். யோவான் 20-இல் மகதலேனா மரியாள் மட்டும். ஆனால் அவளே ஓடிவந்து "எங்களுக்குத் தெரியவில்லை" என்கிறாள் (20:2). 'எனக்கு' இல்லை, 'எங்களுக்கு'. நம்புகிறவர் இந்தப் பன்மையைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பெண்களும் இருந்தார்கள் என்பார். சந்தேகிப்பவர், வேறொரு மரபின் தழும்பு இது என்பார். சான்று இரண்டு பேருக்கும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது வகை, எண்ணும் காரணமும் மாறுவது. தாவீது எடுத்த குடிமதிப்பில் 2 சாமுவேல் 24 இஸ்ரவேலுக்கு 8 லட்சமும் யூதாவுக்கு 5 லட்சமும் தருகிறது. 1 நாளாகமம் 21-இல் அது 11 லட்சம், 4,70,000. தூண்டியது யார் என்பதும் வேறு: முதலதில் கர்த்தருடைய கோபம், அடுத்ததில் சாத்தான். நாளாகமம் பிந்தி எழுதப்பட்டது என்று தெரிந்தால், இடையில் இறைச்சிந்தனை நகர்ந்திருப்பது புரியும். இதை வெறும் 'தப்பு' என்று தள்ளுகிற சந்தேகவாதி, கையில் கிடைத்த சுவாரசியமான விஷயத்தைத் தவறவிடுகிறார்.

மூன்றாவது, கையெழுத்துப் படிகளின் விஷயம். மாற்கு 16:9-20 நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய இரண்டு பெரும் படிகளில் இல்லை. யோவான் 7:53-8:11, கல்லெறியக் கொண்டுவந்த பெண்ணின் கதை, அதுவும் அப்படியே. புதிய பதிப்புகள் பலவற்றில் இந்த இடங்களில் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இருக்கும். அடிக்குறிப்பைப் படிக்காமல் விவாதத்துக்குப் போகாதீர்கள், எந்தப் பக்கமாக இருந்தாலும்.

நண்பரிடம் 'பைபிளில் முரண்பாடு உண்டு' என்று பொதுவாகச் சொன்னால் கோபம்தான் வரும். அதிகாரம், வசனம் சொல்லி, "இந்த இரண்டையும் நீங்கள் எப்படிச் சேர்த்துப் படிக்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வரும்.

*பைபிளில் அடிக்கோடு போடலாமா? அம்மா அடிக்க வருகிறார்.*
— மாணவி, கிளமெண்டி

அம்மாவிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் பென்சில் மட்டும். தாள் மிக மெல்லியது. ஜெல் பேனாவும் ஈரமான ஹைலைட்டரும் பின்பக்கம் ஊறிவிடும். நம்பியது, புரியாதது, உறுத்தியது என்று மூன்று குறி வைத்துக்கொள்ளுங்கள். தோல் அட்டை என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் பூசணம் பிடிக்கும், மூடிய அலமாரியில் வைக்காதீர்கள்.

*அறுபது வருடமாக சபையில் இருக்கிறேன். இப்போதுதான் விட்டுப்போன பகுதிகளைப் படிக்கிறேன். சங்கீதம் 137-இன் கடைசி வசனம் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நியாயாதிபதிகள் 19-ஐப் படித்து அழுதேன். வேதத்தின்மேல் கோபம் வருவது பாவமா?*
— வாசகி, செங்காங்

அம்மா, யோபு 3-ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அந்த நூலின் முடிவில், 42:7-இல், கர்த்தர் கோபப்படுவது யோபுவின்மேல் இல்லை. கடவுளுக்காகச் சப்பைக்கட்டுக் கட்டிய நண்பர்கள்மேல். உங்கள் கேள்விக்கு வேதத்துக்குள்ளேயே இருக்கும் பதில் இது.

நீங்கள் சொன்ன இரண்டு இடமும் ஒன்று போல இல்லை. நியாயாதிபதிகள் 19 ஒரு பெண்ணை ஒரு கும்பல் இரவெல்லாம் சிதைத்த கொடுமையைச் சொல்கிறது, மெச்சவில்லை. அவனவன் தன் பார்வைக்குச் சரியென்று பட்டதைச் செய்தான் என்றே அந்த நூல் முடிகிறது (21:25). உங்களுக்கு அழுகை வந்தால் சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். சங்கீதம் 137, எருசலேம் எரிந்ததைப் பார்த்துவிட்டு பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் பாட்டு. பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்கிற அந்தக் கடைசி வசனம் கடவுளின் கட்டளை அல்ல, குழந்தைகளைப் பறிகொடுத்த மக்களின் வெறி. ஆற்றங்கரையில் அழுத பகுதியை எடுத்துப் பாடுகிறவர்கள் கடைசி மூன்று வசனத்தை விட்டுவிடுவது வழக்கம். ஆகவே அறுபது வருடம் நீங்கள் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

ஆனால் 1 சாமுவேல் 15:3-க்கு வரும்போது இந்தச் சமாதானம் எதுவும் செல்லாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். அங்கே அமலேக்கியரைக் குழந்தைகள் உட்பட அழிக்கச் சொல்வது கர்த்தரின் பெயரால் வரும் கட்டளை. அது அந்தக் காலத்துக்கான தீர்ப்பு என்று ஏற்பவர்கள் உண்டு. அக்காலப் போர்மொழியின் மிகைப்படுத்தல் என்பவர்கள், முழுதும் அழிந்ததாகச் சொல்லப்பட்ட அமலேக்கியர் 30-ஆம் அதிகாரத்தில் மறுபடி படையெடுத்து வருவதைக் காட்டுகிறார்கள். எழுதியவர்கள் கடவுளைத் தங்கள் அளவுக்கே புரிந்துகொண்டார்கள் என்பவர்களும் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். உங்கள் போதகரிடம் இந்த மூன்றையும் சொல்லி, அவர் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள். இரவில் தனியாக இந்த அதிகாரங்களைப் படிக்காதீர்கள். காலையில், துணையோடு படியுங்கள்.

*அலுவலகத்தில் நம்புகிறவர்கள் மூவர், நம்பாதவர்கள் மூவர், இந்து ஒருவர். மாதம் ஒருமுறை பைபிள் படிக்கலாம் என்று முடிவு. இரண்டாம் கூட்டத்திலேயே சண்டை. எப்படி நடத்துவது?*
— வாசகர், ஜூரோங் ஈஸ்ட்

ஏழு பேர் சரியான எண்ணிக்கை, எட்டைத் தாண்டவேண்டாம். எழுபத்தைந்து நிமிடம், கடிகாரம் பார்த்து முடியுங்கள். ஒரு பகுதி மட்டும், 25 வசனத்துக்குள். தொடங்க மூன்று: லூக்கா 15:11-32, யோனா 4, ஆதியாகமம் 22:1-19. உரக்க இரண்டு முறை, இரண்டு மொழிபெயர்ப்பில், வேறு வேறு குரலில் படியுங்கள். முதல் இருபது நிமிடம் 'என்ன இருக்கிறது' என்பது மட்டும்: யார் பேசுகிறார், எந்தச் சொல் திரும்ப வருகிறது, எது சொல்லப்படவில்லை. லூக்கா 15-இல் மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் போனானா? கதை சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க நம்பிக்கையும் வேண்டாம், அவநம்பிக்கையும் வேண்டாம். 'எனக்கு என்ன தோன்றுகிறது' அடுத்த அரை மணிக்கு.

உங்கள் சண்டை எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஒருவர் ஒரு வசனத்துக்கு விளக்கமாக வேறு நூலிலிருந்து இன்னொரு வசனத்தைத் தூக்கியிருப்பார். எதிரில் இருந்தவர் மூன்றாவதைத் தூக்கியிருப்பார். கையில் இருக்கும் பகுதியைத் தாண்டக்கூடாது என்று விதி வையுங்கள், பாதி அடங்கும். மற்றப் பாதி ஜெபத்தால் வரும்: ஜெபத்தோடு தொடங்குவதா என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். சங்கடம் என்றால், விரும்புகிறவர்கள் பத்து நிமிடம் முன்னால் வந்து ஜெபித்துவிட்டு வரட்டும். யாரையும் சபைக்கு அழைப்பதோ, 'இதையெல்லாமா நம்புகிறீர்கள்' என்று கேட்பதோ அந்த எழுபத்தைந்து நிமிடத்தில் கிடையாது. இந்து நண்பரை 'உங்கள் மதத்தில் எப்படி' என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அவரும் பைபிள் படிக்கத்தான் வந்திருக்கிறார்.

பேசியதைச் சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 'இந்தப் பகுதியை நான் ஏற்கவில்லை, காரணம் இது' என்று எழுதுவது கருத்து. 'இதை நம்புகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்' என்று ஒரு கூட்டத்தின்மேல் பகை மூட்டுவது வேறு. சிங்கப்பூரில் 1990-இல் இயற்றி 2019-இல் திருத்திய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றி. அறையில் மற்றவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் வெளியே எழுதவே எழுதாதீர்கள்.

*எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு நூல் படிக்கிறேன், எதைப் படிக்க?*
— தேசிய சேவையாளர், சுவா சூ காங்

பிரசங்கி. 12 அதிகாரம்தான், முகாமுக்குப் போகும் வழியில் மூன்று நாளில் முடிந்துவிடும். ஆனால் பழைய தமிழில் "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்று தொடங்கியதும் உங்கள் மனம் வேதாந்தத்துக்கு ஓடும். ஓடவிடாதீர்கள். உலகம் பொய்த்தோற்றம் என்று அந்த நூல் சொல்லவே இல்லை. எபிரெயச் சொல் 'ஹெவெல்': நீராவி, மூச்சு, புகை. கையில் பிடிக்க வராது, ஆனால் இல்லாதது அல்ல. காயீன் கொன்ற ஆபேலின் பெயரும் இதே சொல்தான். திருவிவிலியம் 'வீண்' என்று போட்டது. அதிலும் புகை கலைந்துவிடுகிறது. 'மாயை' வருகிற இடத்தில் எல்லாம் 'புகை' என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். உழைப்பு, ஞானம், சொத்து, சிரிப்பு என்று வரிசையாக அவர் சோதித்துப் பார்ப்பது அப்போது வேறு மாதிரி ஒலிக்கும்.

12:8-இல் தொடக்க வரி திரும்ப வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். மீதி ஆறு வசனத்தில் பிரசங்கியைப் பற்றி வேறொருவர் பேசுகிறார். அதை மறுநாள் தனியாகப் படியுங்கள்.